கவனமும் ஒரு விளைபொருளே!

(சண்டிலிப்பாயில் கமக்காரரும் ஆசிரியரும் உத்தியோகத்தரும் கூடியிருந்த அவையில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள் இவ்வூர் மேடைக்குப் புதியது. புகையிலையும் வெங்காயமும் விளையும் வலிகாமத்து மண்ணிலே நின்றுகொண்டு, இணையம் பார்ப்பவருக்குக் கூலி கொடுக்கும் ஓர் உலாவியைப் பற்றிப் பேசப் போகின்றோம். “இதற்கும் எமக்கும் என்ன தொடர்பு?” என்று முன்வரிசையிலிருக்கும் முதியவர்கள் எண்ணக்கூடும். தொடர்பு இருக்கின்றது. இவ்வூரில் கைப்பேசி இல்லாத வீடு இன்று எது? வெங்காய விலை கேட்பதும் கைப்பேசியில். கனடாவிலும் இலண்டனிலும் இருக்கும் பிள்ளைகளின் முகம் பார்ப்பதும் கைப்பேசியில். பரீட்சைப் பெறுபேறு அறிவதும் கைப்பேசியில். அக்கைப்பேசியின் வழியாகவே இப்பொழுது ஒரு செய்தியும் வந்து சேர்ந்திருக்கின்றது. “விளம்பரம் பார், நாணயம் பெறு” என்பதே அச்செய்தி.

இளைஞர்கள் இதைக் கேட்டு மகிழ்கின்றனர். பெற்றோரோ, “இது உழைப்பா, சூதா, ஏமாற்றா?” என்று கேட்கின்றனர். இரு சாராரும் நம்மவரே. ஆகவே, மகிழ்வோரின் மகிழ்ச்சியைக் கெடுப்பதும் அஞ்சுவோரின் அச்சத்தை வளர்ப்பதும் நம் நோக்கமன்று. உள்ளதை உள்ளவாறு எடுத்து வைப்போம். முடிவு செய்யும் அறிவு உங்களுக்கு உண்டு.

இலவசத்தின் விலை

முதலில் ஓர் அடிப்படை உண்மை. இணையப் பக்கங்களைத் திறந்து காட்டும் செயலியே உலாவி. குரோம், சபாரி, பயர்பொக்ஸ் என்பன நீங்கள் அறிந்த உலாவிகள். இவற்றை எவரும் பணம் கொடுத்து வாங்குவதில்லை. தேடற்பொறிக்கும் முகநூலுக்கும் நாம் ஒரு சதமும் கட்டுவதில்லை. அப்படியாயின் அவற்றை நடத்தும் நிறுவனங்கள் எதனால் வாழ்கின்றன?

விளம்பரத்தால் வாழ்கின்றன. 2023ஆம் ஆண்டில் கூகிள் நிறுவனம் விளம்பரத்தினால் மட்டும் ஈட்டிய தொகை ஏறக்குறைய 23,800 கோடி அமெரிக்க டொலர். அதே ஆண்டில் இலங்கைத் தீவு முழுவதும் உழுது, தைத்து, மீன்பிடித்து, கொழுந்து பறித்து, கற்பித்து, கட்டி எழுப்பிய உற்பத்தி அனைத்தின் பெறுமதி ஏறக்குறைய 8,400 கோடி டொலர்! இரண்டு கோடிக்கு மேற்பட்ட மக்களின் ஓராண்டு உழைப்பைப் போல இரண்டரை மடங்குக்கும் மேலான தொகையை ஒரு நிறுவனம் விளம்பரத்தால் மட்டும் பெறுகின்றது.

அந்நிறுவனம் விற்கும் சரக்கு யாது? நெல்லா? புகையிலையா? இல்லை, அன்பர்களே! அது விற்பது நமது கவனத்தை. நமது கண் எப்பக்கத்தில் எத்தனை நொடி நின்றது, எதைத் தேடினோம், எதை வாங்க நினைத்துக் கைவிட்டோம், எந்த ஊரில் இருக்கின்றோம் என்பனவெல்லாம் குறித்து வைக்கப்படுகின்றன. நீங்கள் ஒரு செய்திப் பக்கத்தைத் திறக்கின்றீர்கள். அப்பக்கம் முழுமையாகத் தோன்றுவதற்கு முன்னர், கண்மூடித் திறக்கும் நேரத்திற்குள், உங்கள் பார்வை ஏலத்தில் விடப்படுகின்றது. “இன்ன வயதினர், இன்ன ஊரினர், இன்ன விருப்பத்தினர், யார் எவ்வளவு தருவீர்?” என்று கணினிகள் கேட்கின்றன, வேறு கணினிகள் விலை கூறுகின்றன, கூடிய விலை கூறியவரின் விளம்பரம் உங்கள் முன் வந்து நிற்கின்றது.

சந்தை ஏலம் நமக்குத் தெரியாததன்று. ஆனால் சந்தையிலே சரக்குக்கு உரியவர் பக்கத்தில் நிற்கின்றார். விலை குறைவாயின் சாக்கைத் தூக்கிக்கொண்டு திரும்பலாம். இந்த ஏலத்திலோ சரக்குக்கு உரியவருக்கு ஏலம் நடப்பதே தெரியாது. விற்ற பணத்தில் ஒரு சதமும் அவர் கைக்கு வராது. அதுமட்டுமா? அந்த விளம்பரத்தை இறக்குவதற்குச் செலவாகும் இணையத் தரவுக்குப் பணம் கட்டுபவரும் அவரே! தோட்டத்தில் களவெடுத்தவன், களவெடுத்ததை ஏற்றிச் செல்லும் வண்டிக் கூலியையும் தோட்டக்காரனிடமே வாங்குவது போன்றது இது.

பிரேவ் என்னும் உலாவி

இந்த முறையை மாற்றுவோம் என்று புறப்பட்டதே பிரேவ் என்னும் உலாவி. இதனைத் தொடக்கியவர்கள் இருவர். ஒருவர் பிரெண்டன் ஐக். இணையப் பக்கங்களை இயங்கச் செய்யும் ஜாவாஸ்கிரிப்ட் என்னும் கணினி மொழியை 1995இல் ஆக்கியவர்; பயர்பொக்ஸ் உலாவியை வெளியிட்ட மொசில்லாவின் தொடக்ககர்த்தாக்களுள் ஒருவர். மற்றவர் பிரயன் பொண்டி. இவர்கள் 2015இல் நிறுவனத்தைத் தொடங்கி, 2016 சனவரியில் உலாவியின் முதல் வடிவத்தை மக்கள் முன் வைத்தனர். 2019 நவம்பரில் அதன் முதலாவது முழுப் பதிப்பு வெளிவந்தது.

இவ்வுலாவி இரண்டு வேலைகளைச் செய்கின்றது. அவ்விரண்டையும் பிரித்து அறிந்துகொள்வது இன்றியமையாதது.

முதலாவது, தடுக்கும் வேலை. பிற பக்கங்களில் வரும் விளம்பரங்களையும், நம்மைப் பின்தொடர்ந்து குறிப்பெடுக்கும் ஒற்றர் நிரல்களையும் இது தானாகவே தடுத்து விடுகின்றது. பக்கங்கள் விரைவாகத் திறக்கின்றன, தரவு மிச்சமாகின்றது, மின்கலமும் நீண்டு நிற்கின்றது. முற்பணம் கட்டித் தரவு வாங்கும் குடும்பத்திற்கு இது கையில் காணக்கூடிய நன்மை.

இரண்டாவது, கொடுக்கும் வேலை. விரும்புவோர் இசைந்தால், இவ்வுலாவி தனது சொந்த விளம்பரங்களைக் காட்டுகின்றது. மணிக்கு எத்தனை என்பதையும் பார்ப்பவரே வரையறுக்கலாம். எந்த விளம்பரம் எவருக்குப் பொருந்தும் என்ற தெரிவு, தொலைவிலுள்ள நிறுவனத்தின் கணினியில் நடைபெறாமல், நம் கையிலுள்ள கருவிக்குள்ளேயே நடைபெறும் வண்ணம் அமைத்திருக்கின்றனர். விளம்பரம் தந்தவர் கொடுக்கும் பணத்தில் நூற்றுக்கு எழுபது பார்ப்பவருக்கு, முப்பது நிறுவனத்திற்கு. 2019 ஏப்பிரலில் இம்முறை நடைமுறைக்கு வந்தது.

ஆனால் அந்த எழுபது, ரூபாவாகவோ டொலராகவோ வருவதில்லை. “அடிப்படைக் கவன வில்லை” என்று பொருள்படும் பெயர் கொண்ட ஒருவகை மறையீட்டு நாணயமாக வருகின்றது. எதீரியம் என்னும் பொதுப் பேரேட்டின் மீது எழுதப்படும் வில்லை அது. கையில் பிடிக்கவோ மடியில் முடியவோ இயலாது. எந்த அரசும் அதை அச்சிடவில்லை. எந்த வங்கியும் அதற்குப் பொறுப்பேற்கவில்லை. வாங்குவோர் இருக்கும்வரை அதற்கு விலை, இல்லையேல் இல்லை.

பாராட்டத்தக்கது எது?

இத்திட்டத்தில் பாராட்டத்தக்க ஓர் உண்மை இருக்கின்றது. அதை நாம் மறைக்கப் போவதில்லை. “உங்கள் கவனத்திற்கு விலை உண்டு, அவ்விலையில் பெரும்பங்கு உங்களுக்கே உரியது” என்று வெளிப்படையாகச் சொன்னதே அந்த உண்மை. இதுவரை மறைவில் நடந்த ஏலத்தைச் சந்தைக்கு நடுவே கொண்டுவந்து வைத்தது போன்றது அது.

நமது கமக்காரருக்கு இக்கருத்தை விளக்கவே வேண்டியதில்லை. நூறு கிலோ மரக்கறி கொண்டு சென்றவனுக்குத் தொண்ணூறு கிலோவுக்கே பணம் கொடுத்து, மிகுதிப் பத்தையும் “கழிவு” என்று கழித்த வழக்கத்தை எதிர்த்து இம்மண்ணின் கமக்காரர் எத்தனை முறை குரல் எழுப்பியிருக்கின்றனர்! பத்துக் கிலோ கழிவு அநீதி என்று சொல்லத் தெரிந்த மக்களுக்கு, நூற்றுக்கு நூறையும் கழிவாக எடுத்துக்கொள்ளும் இணைய விளம்பர வணிகம் எத்துணைப் பெரிய அநீதி என்பது எளிதில் விளங்கும். அந்த நூறை முப்பதாகக் குறைத்தோம் என்று ஒருவர் சொன்னால், அது முன்னேற்றமே.

ஆனால், அன்பர்களே, முப்பது கழித்தவனை வாழ்த்துவதற்கு முன் இன்னொரு வினாவைக் கேட்க வேண்டும். சந்தையிலே அடிபட்டு அறிந்த வினா அது. தராசு யார் கையில்?

தராசு யார் கையில்?

எத்தனை விளம்பரம் எந்நாட்டுக்கு வரும் என்று முடிவு செய்வோர் விளம்பரம் தருவோரும் நிறுவனமும். நியூயோர்க்கில் இருப்பவரின் பார்வைக்கு விலை கொடுக்க வரிசையில் நிற்பவர்கள், சண்டிலிப்பாயில் இருப்பவரின் பார்வைக்கு விலை கொடுக்க நிற்பதில்லை. கார் விற்பவரும் காப்புறுதி விற்பவரும், வாங்கும் வல்லமை உள்ள இடத்தையே தேடுவர். ஆகையால் ஒரே உலாவி, ஒரே உழைப்பு. கூலி மட்டும் நாட்டுக்கு நாடு வேறு.

வில்லைகள் பிறந்த கதையும் அறியத்தக்கது. மொத்தம் 150 கோடி வில்லைகள். அவற்றுள் 100 கோடியை 2017 மே 31ஆம் நாள் விற்பனைக்கு விட்டனர். அரை நிமிடத்திற்குள் யாவும் விற்றுத் தீர்ந்தன! நிறுவனத்திற்குக் கிடைத்தது 3 கோடியே 50 இலட்சம் டொலர் பெறுமதியான பணம். அரை நிமிடத்தில் வாங்கத்தக்க கருவியும் செல்வமும் உடைய மிகச் சிலரே பெரும்பகுதியை அள்ளிக்கொண்டனர். மிகுதியில் 30 கோடியைப் பயன்படுத்துவோரைப் பெருக்குவதற்கென்றும், 20 கோடியைத் தம் வளர்ச்சி வேலைக்கென்றும் ஒதுக்கினர். மக்களுக்கு உரியது என்று சொல்லப்பட்ட நாணயத்தின் பெரும்பகுதி முதல் நாளிலேயே எவர் கைக்குச் சென்றது என்பதை எண்ணிப் பாருங்கள்.

தவறுகளும் நேர்ந்தன. எழுத்தாளரும் காணொளி ஆக்குவோரும் இத்திட்டத்தில் சேராதிருந்த வேளையிலும், அவர்கள் பெயரால் அன்பளிப்புப் பெறப்படுவது போன்ற தோற்றம் உலாவியில் இருந்தது. 2018 டிசம்பரில் பிரித்தானியக் காணொளியாளர் டொம் ஸ்கொட் அதனைப் பகிரங்கமாகக் கண்டித்தார். நிறுவனம் முறையை மாற்றியது. 2020 யூனில் இன்னொன்று வெளிப்பட்டது. பயனர் ஒரு நாணயமாற்று நிலையத்தின் முகவரியை எழுதத் தொடங்கினால், நிறுவனத்திற்குத் தரகு கிடைக்கும் குறியீட்டுடன் அம்முகவரியை உலாவி தானே நிறைவு செய்தது. பிரெண்டன் ஐக் அது தவறு என்று பகிரங்கமாக ஒப்புக்கொண்டார், அது திருத்தப்பட்டது.

திருத்தியமை நன்றே. ஆனால் அத்தவறுகளைக் கண்டுபிடித்தோர் யார்? விழிப்புள்ள பயனர்கள். ஆகவே, நல்ல தராசென்றாலும் எடை பார்க்கும் கண் நமக்கு வேண்டும்.

கைக்கு வருவது எவ்வளவு?

இப்பொழுது இளைஞர்கள் ஆவலுடன் காத்திருக்கும் இடத்திற்கு வருகின்றோம். எவ்வளவு கிடைக்கும்?

2021 நவம்பரில் ஒரு வில்லையின் விலை இரண்டு டொலரை நெருங்கியது. 2022 முடிவதற்குள் அது கால் டொலருக்கும் கீழே வீழ்ந்தது. ஏறக்குறைய ஓராண்டில் பத்துப் பங்கில் ஒன்பது பங்கு கரைந்து போயிற்று! புகையிலை விலை சரிந்த ஆண்டுகளை நாம் கண்டிருக்கின்றோம். ஆனால் விலை சரிந்தாலும் புகையிலை புகையிலையாகவே போறணையில் இருக்கும். இங்கே விலை சரிந்தால் கையில் எஞ்சுவது ஓர் எண் மட்டுமே.

ஓர் எளிய கணக்குப் பார்ப்போம். ஒருவர் ஒரு மாதத்தில் ஐந்து வில்லை பெற்றார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு வில்லை இருபது சதம் என்றால், ஐந்துக்கு ஒரு டொலர். டொலருக்கு முந்நூறு ரூபா என்றால், மாதம் முந்நூறு ரூபா. ஒரு நாள் தோட்ட வேலைக்குச் சென்றவர் இதைப்போலப் பல மடங்கு பெறுவார். நாட்கூலியின் சிறு துண்டுக்காக ஒரு மாதம் விளம்பரம் பார்ப்பதை வருமானம் என்று எவரும் சொல்லலாகாது.

அந்த முந்நூறும் எளிதில் கைக்கு வருமா? வில்லையைப் பெறுவதற்கும் மாற்றுவதற்கும், நிறுவனம் ஒப்புக்கொண்ட காப்பாளர் நிலையம் ஒன்றில் கணக்கு வைத்திருத்தல் என்பதே வழக்கமாக இருந்து வந்தது. அமெரிக்காவில் அப்ஹோல்ட், யப்பானில் பிட்ஃபிளையர், இந்தியாவில் செப்பே என்று நாட்டுக்கு நாடு அந்நிலையம் வேறுபட்டது. கணக்குத் திறக்க அடையாள அட்டையோ கடவுச்சீட்டோ காட்ட வேண்டும். தன் பெயர் எவருக்கும் தெரியக்கூடாது என்று இவ்வுலாவிக்கு வந்தவர், முந்நூறு ரூபாவுக்காகத் தன் பெயரையும் முகத்தையும் ஓர் அயல்நாட்டு நிறுவனத்திடம் ஒப்படைக்கின்றார்! எந்நாட்டவர் சேரலாம் என்ற பட்டியலும் காலத்துக்குக் காலம் மாறுவது. சேர முடியாத நாட்டவர், எண்ணைப் பார்த்து மகிழ்ந்துகொண்டிருந்ததோடு சரி.

தமிழ்நாட்டில் உள்ள நம் உறவினர் நிலையையும் பாருங்கள். இந்திய அரசு 2022 ஏப்பிரல் 1 முதல், இத்தகைய நாணயங்களை விற்றுப் பெறும் இலாபத்திற்கு நூற்றுக்கு முப்பது வரி விதித்தது. இலாபம் சிறிதாயினும் வரி வரியே. அங்கே சட்டம் வழியைக் காட்டி வரியையும் வாங்கியது.

இலங்கையிலோ, மத்திய வங்கி 2018, 2021, 2022ஆம் ஆண்டுகளில் மீண்டும் மீண்டும் மக்களை எச்சரித்தது. மெய்நிகர் நாணயங்கள் தன்னால் ஒழுங்குபடுத்தப்படாதவை என்றும், அவற்றை நடத்த எவருக்கும் தான் உரிமம் வழங்கவில்லை என்றும், அவற்றில் முதலிட்டவர் நட்டப்பட்டால் முறையிட இடமில்லை என்றும் அவ்வெச்சரிக்கைகள் கூறின. வங்கிகள் தரும் பற்று, கடன் அட்டைகளைக் கொண்டு இந்நாணயங்களுக்குப் பணம் செலுத்துவதையும் 2021ஆம் ஆண்டின் வெளிநாட்டுச் செலாவணிப் பணிப்புரை அனுமதிக்கவில்லை. சட்டம் மாறலாம். ஆகவே அந்தந்த வேளையில் உள்ள விதியை வங்கியிலேயே கேட்டறிவது ஒவ்வொருவர் கடமை.

நாணயத்தின் பெயரால் வருவோர்

இதுவரை சொன்னது சிறிய நட்டம். விளம்பரம் பார்த்தவன் நேரத்தை இழந்தான், அவ்வளவே. இனிச் சொல்லப்போவது பெரிய நட்டம். நாம் இன்று இம்மேடைக்கு வந்ததன் உண்மையான காரணமும் அதுவே.

2022ஆம் ஆண்டை நினைத்துப் பாருங்கள். மார்ச் தொடக்கத்தில் டொலர் ஏறக்குறைய இருநூறு ரூபாவாக இருந்தது. மே மாதத்திற்குள் முந்நூற்றறுபதைத் தொட்டது. அவ்வாண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைக் கணிப்பின்படி பணவீக்கம் நூற்றுக்கு எழுபதை நெருங்கியது. மண்ணெண்ணெய்க்கும் எரிவாயுவுக்கும் உரத்திற்கும் நாம் வரிசையில் நின்றோம். வாழ்நாள் முழுவதும் சேர்த்த சேமிப்பு வங்கிப் புத்தகத்தில் அப்படியே இருந்தது. அதன் வலிமை மட்டும் பாதியாயிற்று. அவ்வேளையில், “ரூபாவை நம்பாதே; நாணயத்தை நம்பு; டொலரில் இலாபம்” என்று ஒரு குரல் கைப்பேசிக்குள்ளிருந்து கேட்டபோது, அக்குரலுக்குச் செவிசாய்த்தவனை மூடன் என்று நாம் ஏசமாட்டோம். பசித்தவன் கையை நீட்டினான். நீட்டிய கையை வெட்டியவனே குற்றவாளி!

எம்.ரி.எஃப்.ஈ. என்ற பெயரை உங்களுள் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். கைப்பேசிச் செயலி ஒன்றில் பணமிட்டால், நாள்தோறும் இலாபம் வரும் என்றார்கள். புதிதாக ஆட்களைச் சேர்த்தால் மேலும் வரும் என்றார்கள். 2023 ஓகஸ்டில் அது சரிந்தது. இலங்கையிலும் வங்காளதேசத்திலும் இந்தியாவிலும் நைஜீரியாவிலும் மக்கள் பணத்தை இழந்தனர். 1988ஆம் ஆண்டின் 30ஆம் இலக்க வங்கித்தொழிற் சட்டத்தின் 83இ பிரிவு தடைசெய்யும் பிரமிட் திட்டங்களை நடத்திய நிறுவனங்களின் பட்டியலில் இலங்கை மத்திய வங்கி அப்பெயரையும் சேர்த்தது. ஆனால் பலர் பணமிட்ட பின்னரே பட்டியல் வந்தது!

பிரேவ் உலாவி அத்தகைய ஏமாற்றுத் திட்டமன்று. அது உங்களிடம் முதல் கேட்பதில்லை. ஆள் பிடிக்கச் சொல்லி வற்புறுத்துவதில்லை. ஆனால் இதில் ஓர் ஆபத்து ஒளிந்திருக்கின்றது. முந்நூறு ரூபா பெறுமதியான வில்லை உண்மையாகவே கைக்கு வந்தவுடன், “ஆகா, இந்நாணயம் மெய்யானது” என்ற நம்பிக்கை பிறக்கின்றது. அந்த நம்பிக்கையைக் கண்டுகொண்டு இன்னொருவன் வருவான். “அது சிறு தொகை. இதோ இங்கே ஓர் இலட்சம் போட்டால் மாதம் பத்தாயிரம்” என்பான். வருபவன் பெரும்பாலும் அந்நியனாக இருக்க மாட்டான். அடுத்த வீட்டுத் தம்பியாக, பள்ளித் தோழனாக, வெளிநாட்டில் இருக்கும் உறவினரின் நண்பனாக இருப்பான். அவனும் ஏமாந்தவனே, தான் ஏமாந்தது அவனுக்கு இன்னும் தெரியவில்லை.

சீட்டுப் பிடித்தல் நமது தாய்மார் அறிந்த கலை. சீட்டுக்காரி எந்த ஒழுங்கையில் இருக்கின்றாள் என்பது உங்களுக்குத் தெரியும். அவள் தவறினால் வாசலில் போய் நின்று கேட்கலாம். இந்தச் செயலிக்காரனின் வாசல் எங்கே? அவன் ஒழுங்கை எது?

காணி உறுதி தொலைந்தால் என்ன செய்கின்றோம்? காணிப் பதிவகத்தில் பிரதி எடுக்கின்றோம். ஆனால் மறையீட்டு நாணயத்தைத் தாமே வைத்திருப்போருக்கு ஓர் இரகசியச் சொல்வரிசை உண்டு. பன்னிரண்டு சொற்கள், அல்லது இருபத்துநான்கு. அதுவே உறுதி, அதுவே சாவி. அதைத் தொலைத்தவருக்குப் பிரதி தரும் பதிவகம் உலகில் எங்குமில்லை. அதை மற்றொருவரிடம் சொன்னவர், பெட்டகச் சாவியையும் காணி உறுதியையும் ஒருங்கே தூக்கிக் கொடுத்தவராவார்.

நாம் செய்யத்தக்கவை

அப்படியாயின் என்ன செய்வது? கைப்பேசியைக் கிணற்றில் போடுவதா? அன்று! “ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு” என்றனர் நம் முன்னோர். அளந்து செய்வோம்.

விளம்பரத்தையும் ஒற்றறிதலையும் தடுக்கும் உலாவியைப் பயன்படுத்துங்கள். அது பிரேவாக இருக்கலாம். பயர்பொக்ஸோடு தக்க தடுப்பானைச் சேர்த்தும் பயன்படுத்தலாம். உங்கள் தரவும் நேரமும் அந்தரங்கமும் மிச்சமாகும். மாதம் முந்நூறு ரூபா வில்லையைப் பெறுவதிலும் பார்க்க, மாதம் முந்நூறு ரூபாத் தரவை மிச்சப்படுத்துவதே உறுதியான ஊதியம். அதற்கு அடையாள அட்டை வேண்டியதில்லை, காப்பாளர் வேண்டியதில்லை, விலைச் சரிவும் இல்லை.

வில்லை பெற விரும்பும் இளைஞர் பெறட்டும். அதனைக் கற்கும் பொருளாகக் கொள்ளட்டும். பேரேடு எவ்வாறு எழுதப்படுகின்றது, மறையீடு எவ்வாறு இயங்குகின்றது என்று ஆராயட்டும். ஆனால் ஒரு விதியை எழுதி வைத்துக்கொள்ளட்டும். பார்த்ததற்கு வந்தது வரட்டும். கையிலிருந்து ஒரு சதமும் போகக்கூடாது. நாணயத்தின் பெயரால் பணம் போடச் சொல்பவர் எவராயினும், பணம் போடுவதற்கு முன் வீட்டிலுள்ள மூத்தோரிடமும் வங்கி உத்தியோகத்தரிடமும் கேட்காமல் ஒப்பலாகாது.

இங்கே அமர்ந்திருக்கும் ஆசிரியர்களுக்கும் கணக்காளர்களுக்கும் சட்டத்தரணிகளுக்கும் கணினி வல்லுநர்களுக்கும் ஒரு வேண்டுகோள். கற்றவர் அறிவு அவர் வீட்டுப் படலையோடு நின்றுவிடலாகாது. மாதத்தில் ஒரு மாலை, வாசிகசாலையிலோ சனசமூக நிலையத்திலோ அமருங்கள். வரும் செய்திகளையும் செயலிகளையும் ஊரவர் கொண்டு வந்து காட்டட்டும். இது மெய், இது பொய் என்று எடுத்துச் சொல்லுங்கள். ஒரு குடும்பத்தின் நகையும் காணியும் அந்த ஒரு மாலையால் காப்பாற்றப்படலாம்.

அரசிடம் நாம் கேட்பது இது. எச்சரிக்கை, பணம் போன பின் வரும் பட்டியலாக இருத்தலாகாது. காலத்தோடு வரவேண்டும், நல்ல தமிழில் வரவேண்டும், கிராம அலுவலர் காரியாலயச் சுவரிலும் கமநல சேவை நிலையத்திலும் ஒட்டப்பட வேண்டும். 2022இல் நிறைவேறிய தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஏட்டளவில் நில்லாது, நம் தரவை விற்பவரைத் தட்டிக் கேட்கும் வல்லமை பெற்று முழுமையாக நடைமுறையில் நிலைக்க வேண்டும்.

தனியொருவன் தராசைத் திருத்த முடியாது

ஒன்றை மட்டும் சொல்லி அமைகின்றோம். நம் புகையிலைக்கு மலையாளத்து வணிகர் விலை சொன்ன காலம் ஒன்றிருந்தது. தனித்தனியே சிப்பத்தைத் தூக்கிக்கொண்டு சென்ற கமக்காரனுக்குச் சொன்ன விலையே விலை. 1930களில் நம்மவர் கூட்டுறவுச் சங்கமாகச் சேர்ந்தனர். சேர்ந்து விற்றனர்; சேர்ந்து பேரம் பேசினர். அயலூராகிய மானிப்பாயின் இந்துக் கல்லூரியில் அதிபராக விளங்கிய வீரசிங்கம் அவர்கள் போன்ற கற்றோர், கமக்காரரோடு தோளோடு தோள் நின்று அந்தக் கூட்டுறவு இயக்கத்தை வளர்த்தனர். யாழ் நகரில் அவர் பெயர் தாங்கி நிற்கும் மண்டபம் அதற்குச் சான்று. கமக்காரனின் உழைப்பும் கற்றவனின் கணக்கும் ஒன்றாய்ச் சேர்ந்தபோதுதான் தராசு நேராயிற்று.

இன்று நம் கவனம் என்னும் விளைபொருளுக்கும் அதே நிலைமை. தனித்தனியே கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருக்கும் வரைக்கும், நூறு எடுப்பவன் நூறு எடுப்பான். முப்பது எடுப்பவன் முப்பது எடுப்பான். சொன்ன விலையே விலை. பிரேவ் உலாவி நமக்குக் கற்பித்த நல்ல பாடம் ஒன்றே: நம் பார்வைக்கு விலை உண்டு. அப்பாடத்தைக் கற்றுக்கொள்வோம். ஆனால் அந்த விலையைச் சொல்லும் உரிமையை இன்னொருவரின் வில்லைக்கு விற்றுவிடாதிருப்போம். சேர்ந்து அறிவோம், சேர்ந்து கேட்போம், சேர்ந்து காப்போம்.

உங்கள் பிள்ளைகளின் கண்கள் இந்த மண்ணின் எந்த விளைச்சலிலும் விலை கூடியவை. அவற்றை எவருக்கும் மலிவாகக் கொடுத்துவிடாதீர்கள்.